புது டிவியில் கேம் மங்கலா? சவுண்ட்பாரை முதலில் கழற்றுங்கள்

கேள்வி: வணக்கம் சார். இதுவரை 24 அங்குல கம்ப்யூட்டர் மானிட்டரில்தான் பிளேஸ்டேஷன் 5 விளையாடிக்கொண்டிருந்தேன். போன வாரம் 55 அங்குல 4கே டிவி வாங்கினேன். பெரிய திரையில் அசத்தும் என்று நினைத்தால், பழைய மானிட்டரே தேவலை என்று ஆகிவிட்டது. ஆட்களின் முகம் மெழுகு பூசினாற்போல வழவழவென்று இருக்கிறது. உருவங்களைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு ஓடுகிறது. இரவுக் காட்சிகளில் கருப்பு கருப்பாக இல்லை, சாம்பல் பூத்துக் கிடக்கிறது. மூலையில் தெரிய வேண்டிய உயிர்ப் பட்டை பாதி வெட்டுப்பட்டுப் போகிறது. கேமராவைத் திருப்பினால் எல்லாம் இழுபடுகிறது. பட்டனை அமுக்குவதற்கும் ஆள் குதிப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. செட்டிங்ஸை மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆகிவிடுகிறது. சத்தத்துக்காக, என்னிடம் ஏற்கெனவே இருந்த பழைய சவுண்ட்பார் வழியாகத்தான் கன்சோலை இணைத்திருக்கிறேன். ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து விளையாடுகிறேன். எப்போதாவது லேப்டாப்பை டிவியில் நேராக மாட்டுவேன். அதிலும் எழுத்துகள், முக்கியமாகச் சிவப்பு எழுத்துகள், கலங்கித் தெரிகின்றன. தங்கமுலாம் பூசிய விலை உயர்ந்த கேபிள் வாங்கச் சொல்கிறான் நண்பன். பேனலே கோளாறு, திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார் அண்ணன். இரண்டு போட்டோ இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: கேபிள் வாங்க வேண்டாம். டிவியைத் திருப்பிக் கொடுப்பதையும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். அடுக்கடுக்காகப் புகார் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு உறுத்தியது நீங்கள் புகாராகவே நினைக்காத ஒரு வரி. பழைய சவுண்ட்பார் வழியாகக் கன்சோலை இணைத்திருப்பதாகப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான்.

அதற்குமுன் அண்ணனின் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். கன்சோலை அணைத்துவிட்டு டிவியின் சொந்த மெனுவைத் திறங்கள். அதை டிவியே வரைகிறது. கன்சோல், கேபிள், சவுண்ட்பார் எதற்கும் அதில் பங்கில்லை. பிறகு டிவிக்குள்ளேயே இருக்கும் யூடியூபில் ஒரு நல்ல 4கே வீடியோவை ஓடவிடுங்கள். மெனு எழுத்துகள் சுத்தமாகவும், வீடியோவில் இலை, முடி, துணியின் நெசவு எல்லாம் தனித்தனியாகவும் தெரிந்தால் பேனலில் குறையில்லை. கோளாறு டிவிக்குள் வந்து சேரும் படத்தில் இருக்கிறது, அல்லது வந்த படத்தை டிவி என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. போட்டோக்களை வைத்து நான் எதுவும் சொல்லப் போவதில்லை. திரையைப் போன் கேமராவில் எடுத்தால் வெளிச்சம், கூர்மை, நிறம் எல்லாவற்றையும் போன் தன் இஷ்டத்துக்குத் திருத்திவிடும். கடைசியில் என் கைக்கு வருவது உங்கள் போனின் ரசனைதான்.

இப்போது சவுண்ட்பாருக்கு வருவோம். எச்டிஎம்ஐ-யில் கன்சோலை இணைத்தவுடன் அது எதிர்முனையிடம், என்ன அளவு படம் வாங்கிக்கொள்வாய், எத்தனை ஹெர்ட்ஸ் (விநாடிக்கு எத்தனை முறை படம் மாறும்), எச்டிஆர் எனும் கூடுதல் வெளிச்ச வீச்சுள்ள படம் தெரியுமா என்றெல்லாம் விசாரிக்கும். நடுவில் ஒரு பெட்டி இருந்தால் அதற்குப் புரிந்த அளவுக்குத்தான் பதில் போகும். எச்டிஎம்ஐ 1.4 காலத்துப் பெட்டி விநாடிக்கு 10.2 ஜிகாபிட் வரைதான் தாங்கும். அதில் 4கே படம் விநாடிக்கு 30 பிரேமுக்கு மேல் போகாது. 2013-இல் வந்த 2.0 அதை 18 ஜிகாபிட்டாக உயர்த்தியது. 4கே 60 ஹெர்ட்ஸுக்கு அது போதும். 2017-இல் அறிவிக்கப்பட்ட 2.1-க்கு 48 ஜிகாபிட் வரை வழி உண்டு. 4கே 120 ஹெர்ட்ஸ் அதற்குரிய வேலை. உங்கள் சவுண்ட்பார் பழைய வகை என்றால் கன்சோல் சத்தமில்லாமல் 1080-க்கு இறங்கியிருக்கும். உங்கள் திரையில் 3840-க்கு 2160, அதாவது ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். வந்து சேர்வதோ 1920-க்கு 1080, சுமார் 21 லட்சம். ஒரு புள்ளியை நாலாக்கி, இடையில் வர வேண்டியதை ஊகித்து நிரப்புகிறது டிவி. ஊகித்து நிரப்பிய முகம் வழவழப்பாகத்தான் இருக்கும்.

இது ஊகமாகவே இருக்க வேண்டியதில்லை, கண்ணால் பார்த்துவிடலாம். பிளேஸ்டேஷனில் செட்டிங்ஸ், அதில் ‘ஸ்கிரீன் அண்ட் வீடியோ’, அதில் ‘வீடியோ அவுட்புட்’ போனால் ‘வீடியோ அவுட்புட் இன்ஃபர்மேஷன்’ என்று ஒன்று இருக்கும். இப்போது எந்த அளவில், எத்தனை ஹெர்ட்ஸில், எச்டிஆரோடா இல்லாமலா படம் வெளியே போகிறது என்று அங்கே எழுதியிருக்கும். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சவுண்ட்பாரைக் கழற்றி, கன்சோலை நேராக டிவியில் செருகி, அதே பக்கத்தை மறுபடி பாருங்கள். 1080 என்று இருந்தது 2160 என்று மாறியிருந்தால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேயே முடிந்தது.

நேராகச் செருகும்போது எந்தத் துளையில் என்பதும் முக்கியம். பின்புறம் உள்ள எச்டிஎம்ஐ துளைகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. பல டிவிகளில் நாலில் இரண்டுதான் வேகமானவை. பக்கத்தில் ‘4கே 120 ஹெர்ட்ஸ்’ என்றோ வெறுமனே ‘120’ என்றோ பொடியாக அச்சிட்டிருக்கும். சவுண்ட்பாரை ‘ஏஆர்சி’ அல்லது ‘இஏஆர்சி’ என்று குறித்த துளையில் மாட்டினால் டிவியிலிருந்து சத்தம் அதற்குப் போய்விடும். 2009-இல் வந்த 1.4-லிருந்தே இந்த வசதி இருப்பதால் உங்கள் பழைய சவுண்ட்பாரிலும் இருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் ஆப்டிகல் கேபிள் இருக்கவே இருக்கிறது. சில டிவிகளில் வேகமான இரண்டு துளைகளில் ஒன்றையே இஏஆர்சி-க்கும் ஒதுக்கியிருப்பார்கள். தயாரிப்பாளர்களின் இந்தக் கஞ்சத்தனம் எனக்குப் பிடிப்பதே இல்லை. உங்களிடம் ஒரே கன்சோல்தான் என்பதால் உங்களைப் பாதிக்காது.

சரியான துளையில் செருகினாலும் டிவி அதைத் தானாகவே முழு வேகத்தில் திறந்துவிடும் என்று நம்ப முடியாது. பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டுமே என்று ஒவ்வொரு துளையையும் சாதாரண நிலையில் வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’, சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மேட்’ என்று பெயர். கன்சோல் செருகியிருக்கும் துளைக்கு இதை இயக்கினால்தான் முழுத் தரமான 4கே-யும் எச்டிஆரும் உள்ளே வரும். மற்ற துளைகளை அப்படியே விட்டுவிடலாம்.

நண்பரின் கேபிள் யோசனைக்கு இரண்டே வரி. எச்டிஎம்ஐ-யில் போவது எண்கள். கேபிள் மோசமானால் படம் மங்காது, வேறு விதமாகக் கெடும்: திரையில் பொட்டுப் பொட்டாக மின்னும், விநாடி நேரம் திரை கருத்துத் திரும்பும், ‘நோ சிக்னல்’ வரும். தங்கமுலாம் துரு பிடிக்காமல் காக்கும், முகத்தைத் தெளிவாக்காது. கன்சோலோடு பெட்டியில் வந்த கேபிள் 48 ஜிகாபிட்டுக்கு ஆனது, அதையே பயன்படுத்துங்கள்.

செட்டிங்ஸை மாற்றினாலும் பழையபடி ஆகிவிடுகிறது என்றீர்கள். டிவி இன்னும் கடை மோடில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். முதல்முறை இயக்கும்போது ‘வீட்டிலா, கடையிலா’ என்று கேட்டிருக்கும். யாராவது ‘ஸ்டோர்’ அல்லது ‘ரீட்டெய்ல்’ என்பதை அமுக்கியிருப்பார்கள். கடையில் வருகிறவர்கள் ரிமோட்டை நோண்டிவிட்டுப் போனாலும் கொஞ்ச நேரத்தில் தானாகப் பளபளப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. பொது செட்டிங்ஸில் ‘ஹோம்’ என்று மாற்றுங்கள். இதைச் செய்யாமல் கீழே நான் சொல்லப்போகும் எதைச் செய்தாலும் வீண்.

உயிர்ப் பட்டை வெட்டுப்படுவதற்குக் காரணம் ஓவர்ஸ்கேன். குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரங்கள் ஒழுங்காக வராது என்பதால் படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். குழாய் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மூலை வெட்டுப்படுவது மட்டுமே இதன் கேடு என்று நினைத்துவிடாதீர்கள். படத்தை நூற்றுக்கு மூன்றோ நாலோ பங்கு இழுத்துப் பெரிதாக்கினால் வரும் புள்ளியும் திரையின் புள்ளியும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போய், முழுப் படமுமே மெல்லிய திரை போட்டதுபோல் கலங்கும். படத்தின் அளவு பகுதியில் சாம்சங்கில் ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்று இருக்கும், அதை இயக்குங்கள். கன்சோலில் திரைப்பரப்பைச் சுருக்கி ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பட்டை உள்ளே வந்துவிடும், ஆனால் டிவி இழுப்பது நிற்காது.

இனி மெழுகு முகம், வெள்ளைக் கோடு, தாமதம். மூன்றும் தனித்தனிக் கோளாறு போலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: வந்த படத்தை அழகுபடுத்துகிறேன் என்று டிவி செய்கிற வேலை. ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’ என்பது பழைய ஒளிபரப்பில் வரும் புள்ளிப் பிசிறைத் துடைப்பதற்காக வந்தது. கேமில் அப்படிப்பட்ட பிசிறு கிடையாது. துடைக்க வேறு எதுவும் கிடைக்காததால் தோலின் துளையையும் சுவரின் சொரசொரப்பையும் துடைத்துவிடுகிறது. துடைத்ததை ஈடுகட்ட ஷார்ப்னஸ் வருகிறது. அது புதிதாக எந்த விவரத்தையும் கொண்டுவருவதில்லை. வெளிச்சமும் இருட்டும் சேரும் இடத்தைத் தேடிப்பிடித்து, வெளிச்சப் பக்கத்தை இன்னும் வெளுப்பாகவும் இருட்டுப் பக்கத்தை இன்னும் கருப்பாகவும் ஆக்கும். புகைப்படத்தில் உள்ளவர்களின் ஓரத்தை ஸ்கெட்ச் பேனாவால் சுற்றி வரைந்த மாதிரி. தூரத்திலிருந்து ஒரு கணம் ‘பளிச்’ என்று தெரியும், அருகில் வந்தால் நீங்கள் சொன்ன வெள்ளைக் கோடு. இவையெல்லாம் நடந்து முடிய நேரம் பிடிக்குமல்லவா? பட்டனுக்கும் குதிப்பதற்கும் நடுவில் நீங்கள் உணரும் இடைவெளி அந்த நேரம்தான். 60 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமின் ஆயுள் 16.7 மில்லி விநாடி. அலங்காரம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது தாமதம் 100 மில்லி விநாடியைத் தொடுவது சாதாரணம், அதாவது ஆறு பிரேம். கேம் மோடில் அது பல டிவிகளில் 10, 20 என்று வந்துவிடும்.

ஆகவே கேம் மோடை இயக்குங்கள். ‘ஏஎல்எல்எம்’ என்ற வசதி கன்சோலிலும் டிவியிலும் இருந்தால் கேம் தொடங்கியதும் தானாகவே மாறிக்கொள்ளும். கேம் மோடுக்குள் போனபிறகும் நாய்ஸ் ரிடக்‌ஷன் வகையறா அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லா டிவியும் அணைப்பதில்லை. ஷார்ப்னஸைக் கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும், ஏனென்றால் எண்ணுக்குப் பொது அர்த்தம் கிடையாது. பல டிவிகளில் 0 என்றால் ‘கைவைக்காதே’ என்று பொருள். சோனியில் 50-தான் நடுநிலை, அதற்குக் கீழே போனால் படம் வேண்டுமென்றே மழுங்கும். கன்சோலின் முகப்புத் திரையில் ஏதாவது ஓர் எழுத்தை அருகில் போய்ப் பாருங்கள். சுற்றிலும் வெள்ளை நிழல் மறையும்வரை குறையுங்கள். எழுத்தே மழுங்கத் தொடங்கினால் ஒரு படி திரும்புங்கள்.

முதல் நாள் உங்களுக்குப் பிடிக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். ‘விவிட்’ மோடின் நீலம் தூக்கலான வெள்ளைக்கும் உருவங்களைச் சுற்றிய கோட்டுக்கும் பழகிய கண்ணுக்கு, கேம் மோடில் நிறத்தை ‘வார்ம்’ பக்கம் வைத்தால் படம் மஞ்சளாகவும் சப்பென்றும் தோன்றும். இரண்டு மூன்று நாள் மாற்றாமல் விளையாடுங்கள். பிறகு விவிட்டுக்குத் திரும்பிப் பாருங்கள். முகமெல்லாம் டியூப்லைட் வெளிச்சத்தில் நின்ற மாதிரி இருக்கும்.

அடுத்தது சாம்பல் பூத்த கருப்பு. இதற்கு இரண்டு வழிகளில் காரணம் வரலாம். எளியதை முதலில் பார்த்துவிடுவோம். வீடியோ உலகில் கருப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்று ஒரு கணக்கு. கம்ப்யூட்டர் உலகில் 0 முதல் 255. முன்னதற்கு ‘லிமிடெட்’, பின்னதற்கு ‘ஃபுல்’ என்று பெயர். கன்சோல் லிமிடெட்டில் அனுப்பி, டிவி அதை ஃபுல் என்று எடுத்துக்கொண்டால் 16 என்ற கருப்பு வெறும் அடர்சாம்பலாகத்தான் தெரியும், வெள்ளையும் அழுக்காகும். நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசலாக இந்த நோய்தான். தலைகீழாக நடந்தால் இருட்டில் உள்ளதெல்லாம் ஒரே கருப்பாக அப்பிக்கொள்ளும், மூலையில் ஒளிந்திருக்கும் எதிரி தெரியவே மாட்டான். நடுவில் ஒரு பெட்டி இருக்கும்போது இந்தக் குழப்பம் வர வாய்ப்பு கூடுதல். சவுண்ட்பாரைக் கழற்றியபின் கன்சோலில் ‘ஆர்ஜிபி ரேஞ்ச்’ என்பதையும், டிவியில் ‘எச்டிஎம்ஐ பிளாக் லெவல்’ அல்லது ‘வீடியோ ரேஞ்ச்’ என்பதையும் ஆட்டோவில் விடுங்கள். சரியாகவில்லை என்றால் இரண்டு பக்கமும் லிமிடெட் என்றே வையுங்கள். எது என்பதைவிட இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். டிவியில் ‘பிரைட்னஸ்’ அல்லது ‘பிளாக் லெவல்’ என்று இருக்கும் சறுக்குப் பட்டையை நகர்த்தி இந்தக் கோளாறைச் சரிசெய்ய முயல்கிறவர்கள் பலர். கருப்பு கருப்பாகும், ஆனால் நிழல் விவரம் அதோடு சேர்ந்து செத்துவிடும்.

இரண்டாவது எச்டிஆர். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் கன்சோலை நேராகச் செருகியதும் அநேகமாக எச்டிஆர் தானாக இயங்கத் தொடங்கும். படம் முன்பைவிட இருண்டு போனதாகத் தோன்றி, மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். சாதாரணப் படத்தில் ‘வெள்ளை’ என்றால் திரைக்கு முடிந்த வெளிச்சம், அவ்வளவுதான். எச்டிஆர் படத்தில் இந்த இடம் இத்தனை நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்று அளவே எழுதி வரும். 10,000 நிட்ஸ் வரை எழுத அதில் இடம் இருக்கிறது. வீட்டு டிவிகளில் பெரும்பாலானவை அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை; நல்லவை ஆயிரத்தைத் தாண்டும், எளிய மாடல்கள் பல 300, 400-லேயே நின்றுவிடும். பெட்டியில் ‘எச்டிஆர்’ என்று அச்சிட்டிருப்பதற்கு அந்தச் சிக்னலை டிவி புரிந்துகொள்ளும் என்று மட்டுமே பொருள். காட்டுவதற்கு வெளிச்சம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி; அதைப் பெட்டியில் போடமாட்டார்கள்.

ஆயிரம் நிட்ஸ் என்று எழுதி வந்த சூரியனை 350 நிட்ஸ் திரையில் எப்படிக் காட்டுவது? உச்சியை மட்டும் வெட்டினால் மேகமெல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும். மொத்தத்தையும் அமுக்கினால் அறையின் உள்காட்சி இருண்டுவிடும். டிவி இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சமரசம் செய்கிறது. அதற்கு டோன் மேப்பிங் என்று பெயர். கேமில் என்ன சிக்கல் என்றால், கன்சோலும் கேமும் ஏற்கெனவே ஒருமுறை அமுக்கி அனுப்பியதை டிவி இன்னொருமுறை அமுக்கும். அதிலும் ‘டைனமிக்’ என்று இருந்தால் காட்சிக்குக் காட்சி வெவ்வேறு அளவில் அமுக்கும். குகைக்குள் இருந்து வெளியே வரும்போது வெளிச்சம் ஏறி இறங்குவது அதனால்தான். இந்த இரட்டை வேலையைத் தவிர்க்க ‘எச்ஜிஐஜி’ என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள்: டிவி சும்மா இருக்கும், எல்லை எது என்று தெரிந்துகொண்டு கேமே அதற்குள் படத்தை அமைக்கும்.

செய்யும் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் டிவியில் கேம் மோடு. அடுத்து டோன் மேப்பிங்கில் எச்ஜிஐஜி இருந்தால் அது, இல்லையென்றால் டைனமிக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். மின்சாரச் சேமிப்பு, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் சென்சார் இரண்டையும் அணையுங்கள். எச்டிஆர் இருட்டாக இருக்கிறது என்ற புகாருக்கு இவையே காரணமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவும் முடிந்தபிறகு பிளேஸ்டேஷனில் ‘அட்ஜஸ்ட் எச்டிஆர்’ போங்கள். திரையில் தெரியும் உருவம் கண்ணுக்கு மறைந்தும் மறையாமலும் நிற்கிற இடத்தில் விடச் சொல்லும். உங்கள் டிவியின் எல்லை எது என்று கன்சோலுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடம் அதுதான். கடைசியாக, கேமுக்குள்ளேயே எச்டிஆர் அளவு இருந்தால் அதையும் பாருங்கள். டிவியில் பின்னால் எதையாவது மாற்றினால் கன்சோலின் அளவை மறுபடி வைக்க வேண்டும். இன்னொன்று: எச்டிஆருக்கும் சாதாரணப் படத்துக்கும் டிவி தனித்தனியாக செட்டிங்ஸ் வைத்திருக்கும். நீங்கள் குறைத்து வைத்த ஷார்ப்னஸ் எச்டிஆர் வந்ததும் மறுபடி ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம், அங்கேயும் ஒருமுறை குறைத்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் எச்டிஆர் படம் சோகையாகவே இருந்தால் அணைத்துவிட்டு விளையாடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. வெளிச்சம் போதாத டிவியில் ஒழுங்காக அமைத்த சாதாரணப் படம், திணறுகிற எச்டிஆரைவிட எப்போதும் நன்றாக இருக்கும். அணைக்க மனமில்லை என்றால், எச்டிஆருக்கென்று செய்யப்படாத பழைய கேம்களிலாவது அது வராதபடி கன்சோலில் ‘ஆன் வென் சப்போர்ட்டட்’ என்று வையுங்கள்.

கேமராவைத் திருப்பும்போது இழுபடுவதில் ஒரு பகுதி டிவியால் வருவதே அல்ல. திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு விநாடியில் ஒரு பொருள் ஓடுகிறது என்று வையுங்கள். விநாடிக்கு 1920 புள்ளிகள் கடக்கிறது. 60 பிரேமில் ஒவ்வொரு பிரேமிலும் அது 32 புள்ளிகள் தாவுகிறது. அதைத் தொடரும் நம் கண் நிற்காமல் நகர, படம் மட்டும் அந்த 16.7 மில்லி விநாடி அசையாமல் நிற்பதால் 32 புள்ளி அகலத்துக்குக் கலங்கல் தெரிகிறது. 30 பிரேமில் அதுவே 64. ஆகவே கேமின் அமைப்பில் ‘குவாலிட்டி’, ‘பர்ஃபார்மன்ஸ்’ என்று இரண்டு இருந்தால் பிரேம் எண்ணிக்கைக்கு முதலிடம் தரும் பர்ஃபார்மன்ஸை எடுத்துப் பாருங்கள். கூடவே ‘மோஷன் பிளர்’, ‘ஃபிலிம் கிரெய்ன்’, ‘குரோமாட்டிக் அபரேஷன்’ மூன்றையும் அணையுங்கள். காசு கொடுத்து வாங்கிய தெளிவை வேண்டுமென்றே குலைக்கும் அலங்காரங்கள் என்பது என் கட்சி. டிவியில் உள்ள மோஷன் ஸ்மூத்திங்கை இதற்கு மருந்தாக நினைக்காதீர்கள். இடைப் பிரேம்களைக் கற்பனை செய்து செருக அதற்குப் பின்வரும் பிரேம் வரை காத்திருக்க வேண்டும், தாமதம் திரும்பி வந்துவிடும். இருட்டில் நகரும் உருவத்துக்குப் பின்னால் மட்டும் கருப்பாக வால் நீண்டால் அது விஏ வகைப் பேனல்களின் சுபாவம், செட்டிங்ஸில் தீராது.

இப்போது மானிட்டரோடு நீங்கள் செய்யும் ஒப்பீடு. 24 அங்குல மானிட்டரில் 1080 படத்தின் ஒரு புள்ளி சுமார் 0.28 மில்லிமீட்டர். அதே 1080 படத்தை 55 அங்குலத்தில் விரித்தால் 0.63 மில்லிமீட்டர். சாதாரணப் பார்வையுள்ள கண்ணுக்கு அந்தப் புள்ளி தனியாகத் தெரியாமல் போக ஏழடிக்கு மேல் தள்ளி உட்கார வேண்டும். நீங்கள் இருப்பது ஐந்தடியில். 4கே புள்ளி 0.32 மில்லிமீட்டர்தான், நாலடிக்குள்ளேயே மறைந்துவிடும். ஆக உங்கள் இடத்திலிருந்து 4கே கேம் கூர்மையாகத் தெரிய வேண்டும், 1080 கேம் தெரியாது. பர்ஃபார்மன்ஸ் மோடில் பல கேம்கள் உள்ளே குறைந்த அளவில் வரைந்து 4கே-வாகப் பெரிதாக்கித்தான் அனுப்புகின்றன. வீடியோ அவுட்புட் பக்கம் 2160 என்று சொன்னாலும் வரைந்தது அதைவிடக் குறைவாக இருக்கலாம். பழைய பிளேஸ்டேஷன் 4 கேம்களில் பல 1080-தான். அவற்றுக்கு நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளுவதைவிட நல்ல செட்டிங் எனக்குத் தெரியாது.

லேப்டாப் எழுத்து கலங்குவது இவை எதிலும் சேராத தனிக் கதை. வீடியோ சிக்னலில் இடம் மிச்சம் பிடிக்க, வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி அனுப்பிவிட்டு, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்று என்று சுருக்குவார்கள். 4:2:0 என்பது அதுதான். முகத்திலும் வானத்திலும் இந்தச் சுருக்கம் கண்ணுக்குப் பிடிபடாது. கருப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து வந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஆர்ஜிபி என்று தேர்ந்தெடுங்கள். டிவியில் அந்த எச்டிஎம்ஐ துளையின் பெயரை அல்லது சின்னத்தை ‘பிசி’ என்று மாற்றுங்கள். பெயர்தானே என்று நினைக்காதீர்கள், பல டிவிகள் பெயர் பிசி என்றால் மட்டுமே நிறத்தைச் சுருக்காமல் காட்டும். பழைய லேப்டாப் என்றால் 4கே-யில் 30 ஹெர்ட்ஸ்தான் வரும், மவுஸ் அம்பு தத்தித் தத்தி நகரும். அப்போது 1080-இல் 60 ஹெர்ட்ஸ் வைத்துக்கொள்வது மேல்.

இனி திருப்பிக் கொடுப்பது. மெனுவிலோ டிவியின் சொந்த யூடியூபிலோ கோடு விழுந்தாலும், ஒரு பக்கம் நிறம் மாறித் தெரிந்தாலும், எரியாத புள்ளிகள் இருந்தாலும் அது பேனல் கோளாறு. தாராளமாக மாற்றிக் கேளுங்கள். வரிசையாக எல்லாம் செய்தபின் சாதாரணப் படம் நன்றாக இருந்து எச்டிஆர் மட்டும் சோகையாக இருந்தால் அது கோளாறு அல்ல, அந்த மாடலின் எல்லை. எச்டிஆருக்காகவே இந்த டிவியை வாங்கினீர்கள் என்றால், மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் போய் வேறு மாடல் கேளுங்கள். அப்போது பெட்டியில் உள்ள எழுத்தைப் பார்க்காமல், உச்ச வெளிச்சம் எத்தனை நிட்ஸ், லோக்கல் டிம்மிங் (இருண்ட பகுதிகளில் மட்டும் பின்வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி) உண்டா, 120 ஹெர்ட்ஸ் எந்தத் துளையில் என்று மூன்றையும் கேளுங்கள். இல்லையென்றால் டிவி இருக்கட்டும். மறுபடி எழுதுவதானால் போட்டோ வேண்டாம். சவுண்ட்பாரோடும் சவுண்ட்பார் இல்லாமலும் அந்த வீடியோ அவுட்புட் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.